மேற்பார்வைக்குப் பஞ்சமில்லை: ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை நிகழ்வு ஆய்வு

2008 பிப்ரவரி 1ஆம் தேதி, இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்ற தகுதி வழங்கப்பட்டது. நிதியை ஒழுங்காகக் கையாளும், சொந்தக் காலில் நிற்கத் தெரிந்த அரசு மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் தன்னாட்சி அது. வழங்கியது மானிட்டர் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. அடுத்த மாதமே, இதே நிர்வாகத்தின் கீழ் இருந்த ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்படும் நோயாளிகள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்று மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் ஹெல்த்கேர் கமிஷன் விசாரணையைத் தொடங்கியது. இரண்டும் அரசு ஏற்படுத்திய அமைப்புகள். இரண்டும் லண்டனிலிருந்தே இயங்கின. ஒன்று நற்சான்றிதழில் கையெழுத்திட்டபோது, இன்னொன்று அதே மருத்துவமனையின் இறப்பு எண்ணிக்கையைப் பார்த்துப் புருவம் உயர்த்திக்கொண்டிருந்தது.

ஒரு மருத்துவமனை கெட்டுப்போவது புதிதல்ல. ஸ்டாஃபோர்டைப் பற்றி இன்றும் நிர்வாகப் பள்ளிகளும் மருத்துவக் கல்லூரிகளும் பேசுவதற்குக் காரணம் வேறு. அங்கே கண்காணிக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாவட்ட அளவில் ஒருவர், மண்டல அளவில் ஒருவர், நிதிக்கு ஒருவர், தரத்துக்கு ஒருவர், மருத்துவர்களுக்கு ஒரு மன்றம், செவிலியருக்கு ஒரு மன்றம், நகராட்சியில் ஒரு குழு, தொகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்று அடுக்கடுக்காக இருந்தார்கள். இத்தனை பேரின் கண்முன்னே 2005 முதல் 2009 வரை, வயதான நோயாளிகள் அழுக்குப் படுக்கையில் மணிக்கணக்கில் கிடந்தார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். ஸ்டாஃபோர்ட் ஒரு நடுத்தர ஊர். தெற்கே பர்மிங்காம், வடக்கே ஸ்டோக். மருத்துவமனை பெரியதும் அல்ல, புகழ்பெற்றதும் அல்ல. சுற்றுவட்டாரத்துக்கு அது ஒன்றுதான். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில், அதாவது என்.எச்.எஸ்.ஸில், மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அமைப்புகளை டிரஸ்ட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு தலைமை நிர்வாகி, ஓர் இயக்குநர் குழு உண்டு. பணம் மக்கள் வரியிலிருந்து வருகிறது. நோயாளி சிகிச்சைக்குக் காசு கொடுப்பதில்லை.

நம் வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் நோயாளியின் பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருப்பார். கஞ்சி ஊட்டுவதும், கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், சலைன் பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சிஸ்டரை அழைத்துவருவதும் அவர் வேலை. பிரிட்டனில் அந்த ஏற்பாடு கிடையாது. உறவினர்கள் பார்வை நேரத்தில் வந்து போவார்கள். மீதி நேரமெல்லாம் செவிலியரும் உதவியாளரும்தான் நோயாளிக்குக் கையும் காலும். ஆகவே அங்கே ஒரு வார்டில் செவிலியர் எண்ணிக்கை குறைந்தால், ஊசி தாமதமாவதோடு நிற்காது. எழ முடியாதவருக்குச் சோறும் தண்ணீரும் நின்றுபோகும்.

பத்து மில்லியன் பவுண்டு

கதையின் வேர் நிதியில் இருக்கிறது. 2004இல் அன்றைய தர மதிப்பீட்டில் இந்த நிர்வாகம் மூன்று நட்சத்திரத்திலிருந்து ஒரேயடியாகச் சுழியத்துக்கு இறங்கியது. 2005இல் புதிய தலைமை நிர்வாகி வந்தார். பற்றாக்குறையை அடைத்து, தன்னாட்சித் தகுதியைப் பெற்றுக் காட்டவேண்டும் என்பதே நிர்வாகத்தின் முதல் கவலையாக ஆயிற்று. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எல்லா மருத்துவமனைகளும் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் ஆகவேண்டும் என்பது அன்றைய தொழிற்கட்சி அரசின் கொள்கை. ஆகாதவர்கள் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டார்கள்.

2006–07 நிதியாண்டில் 10 மில்லியன் பவுண்டு மிச்சம் பிடிப்பது என்று முடிவானது. மொத்த வரவுசெலவில் அது ஏறத்தாழ 8 சதவீதம். மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். ஆகவே 150க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. ஏற்கெனவே ஆள் குறைவாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இது நடந்தது. அதே சமயம் தனித்தனி வார்டுகளைச் சேர்த்துப் பெரிய தளங்களாக மாற்றினார்கள்: ஒரு தளம் அறுவை சிகிச்சைக்கு, மற்றவை பொது மருத்துவத்துக்கு. பயிற்சி பெற்ற செவிலியரின் விகிதம் குறைந்து உதவியாளரின் விகிதம் கூடியது. இந்த மாற்றத்தால் நோயாளிக்கு என்ன ஆபத்து என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. மிச்சமாகும் பவுண்டுக்கு மட்டும் கணக்கு இருந்தது.

2006 இறுதியில் வந்த புதிய செவிலியர் இயக்குநர் நிலைமையைப் பார்த்து ஆள்கணக்கு எடுக்கத் தொடங்கினார். 120 முழுநேரச் செவிலியருக்குச் சமமான பற்றாக்குறை இருப்பதாக அந்தக் கணக்கு சொன்னது. அது முடிந்து இயக்குநர் குழுவின் மேசைக்கு வந்தபோது 2008 மார்ச் ஆகிவிட்டிருந்தது. தன்னாட்சித் தகுதி கைக்கு வந்து ஒரு மாதம். இந்தத் தேதிப் பொருத்தத்துக்கு உள்நோக்கம் கற்பிக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனை தன்னிடம் எத்தனை செவிலியர் குறைவு என்று எண்ணி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அந்தக் கேள்விக்கு அங்கே எவ்வளவு அவசரம் இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. மிச்சம் பிடிக்கும் திட்டம் ஒருபோதும் அவ்வளவு தாமதமாகவில்லை.

நான்கு மணி நேரம்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் 98 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பவோ, வார்டில் சேர்க்கவோ வேண்டும் என்பது அப்போது நாடு முழுவதற்கும் இருந்த இலக்கு. இலக்கின் நோக்கம் நல்லது. அதற்கு முன்பு தள்ளுவண்டியில் பகல் முழுவதும் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. பல மருத்துவமனைகளில் அது காத்திருப்பை உண்மையாகவே குறைத்தது. ஸ்டாஃபோர்டில் இலக்கை எட்ட ஆள் இல்லை. எட்டாவிட்டால் வேலை போகும் என்ற பயம் மட்டும் இருந்தது.

நோயாளி வந்தவுடன் யாரை முதலில் பார்க்கவேண்டும் என்று தீர்மானிப்பது பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை. இங்கே பல நேரங்களில் வரவேற்பு மேசையில் இருந்த எழுத்தரே அதைச் செய்தார். நான்கு மணி நெருங்கியதும் நோயாளிகளைப் பக்கத்திலிருந்த அவசர மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தள்ளினார்கள். கணக்கில் அவர் வெளியேறிவிட்டார், படுக்கையில் அப்படியே இருந்தார். அந்தப் பிரிவில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் சில அணைத்து வைக்கப்பட்டிருந்தன. செவிலியருக்கு அவற்றை இயக்கத் தெரியாது என்று ஹெல்த்கேர் கமிஷன் பின்னர் எழுதியது.

இதே பிரிவில் ஹெலீன் டொனலி என்ற இளம் செவிலியர் வேலை பார்த்தார். நோயாளி வெளியேறிய நேரத்தை மாற்றி எழுதும்படி மூத்த செவிலியர்கள் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று 2007இல் அவர் எழுத்துமூலம் புகார் செய்தார். நடவடிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. சக ஊழியர்கள் மிரட்டினார்கள். இரவுப் பணி முடிந்து காருக்குத் தனியாக நடக்கப் பயந்ததாக விசாரணையில் அவர் சொன்னார். கடைசியில் வேறு வேலைக்குப் போனார். நேரத்தைப் பொய்யாக எழுதவைத்த இரு செவிலியர்களின் பதிவை 2013இல் செவிலியர் மன்றம் நீக்கியது. புகார் கொடுத்து ஆறு ஆண்டுகள் கழித்து.

டொனலி புகார் கொடுத்த அன்றே நிர்வாகத்திடம் உண்மை வந்து சேர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்ற வாதம் அதோடு முடிகிறது. அந்தத் தாள் எந்த மேசை வரை போனது, யார் அதை அங்கேயே நிறுத்தினார்கள் என்பதுதான் நிர்வாகவியல் மாணவர் தேடவேண்டியது.

127 என்ற எண்

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் பிரையன் ஜார்மன் உருவாக்கிய ஒரு குறியீடு இங்கே வருகிறது. நோயாளிகளின் வயது, நோய், சேர்க்கப்பட்ட விதம் ஆகியவற்றை வைத்து ஒரு மருத்துவமனையில் எத்தனை இறப்புகள் எதிர்பார்க்கத்தக்கவை என்று கணக்கிடுவார்கள். எதிர்பார்த்த அளவே நடந்தால் 100. டாக்டர் ஃபாஸ்டர் என்ற நிறுவனம் 2007 ஏப்ரலில் வெளியிட்ட பட்டியலில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயரின் எண் 127. நாட்டிலேயே மிக மோசமான சிலவற்றில் ஒன்று.

ஒரு மருத்துவமனை இந்த எண்ணைக் கண்டவுடன் செய்யவேண்டியது எளியது: இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படிப்பது. நிர்வாகமோ, நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் எழுத்தர்களிடம் பிழை இருக்கிறது என்று தீர்மானித்து, அதைத் திருத்துவதில் முனைந்தது. மண்டல நிர்வாகமும் இறங்கிவந்து வார்டைப் பார்க்கவில்லை. குறியீடு நம்பத்தக்கதுதானா என்று ஆராய பர்மிங்காம் பல்கலைக்கழகத்திடம் பணி ஒப்படைத்தது. குறியீட்டில் உண்மையாகவே குறைகள் உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை. எண் போடும் விதத்தை மாற்றினால், குறிப்பாக ‘இறுதிக்கால ஆதரவுச் சிகிச்சை’ என்று பலரைப் பதிந்தால், குறியீடு இறங்கும். பர்மிங்காம் ஆய்வாளர்கள் எழுப்பிய ஐயங்கள் அறிவியல் முறையில் நியாயமானவை. ஆனால் ஒரு கருவி தவறாகவும் காட்டலாம் என்பது, இப்போது தவறாகத்தான் காட்டுகிறது என்பதற்குச் சான்றாகிவிடாது. அந்தத் தாவலில் ஒரு வருடம் போனது.

பின்னாளில் இந்த எண்ணை எதிர்த்திசையிலும் பிழையாகப் பயன்படுத்தினார்கள். ‘ஸ்டாஃபோர்டில் 400 முதல் 1,200 பேர் வரை அநியாயமாக இறந்தார்கள்’ என்று பத்திரிகைகள் எழுதின, இன்றும் எழுதுகின்றன. ஹெல்த்கேர் கமிஷன் அறிக்கையின் வரைவில் இருந்து, வெளியான பதிப்பில் நீக்கப்பட்டு, எப்படியோ கசிந்த கணக்கு அது. தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் இத்தனை என்று இந்தக் குறியீட்டிலிருந்து எண்ணிச் சொல்வது பாதுகாப்பானதல்ல என்று பின்னர் விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் எழுதினார். அந்த எண் பரவியதால், ‘எல்லாமே மிகை’ என்று மருத்துவமனையின் ஆதரவாளர்கள் சொல்ல வசதி கிடைத்தது. ஒரு முதியவர் நான்கு மணி நேரம் ஈரத்தில் கிடந்தார் என்பதை மறுக்க முடியாது. 1,200ஐ மறுக்கலாம்.

புகார்க் கடிதங்கள்

ஜூலி பெய்லி ஊரில் ஒரு சிற்றுண்டிக் கடை நடத்தியவர். 2007 செப்டம்பரில் அவருடைய 86 வயதுத் தாய் ஸ்டாஃபோர்டில் சேர்க்கப்பட்டார். வார்டில் கண்ட காட்சியால் அச்சமடைந்து, மகளும் குடும்பத்தாரும் முறைவைத்து ஏறத்தாழ எட்டு வாரங்கள் இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவமனையில் இது வழக்கமில்லாத ஒன்று. அதனால் மற்றவர்கள் பார்க்காததை அவர்கள் பார்த்தார்கள்: அழைப்பு மணி அடித்தபடியே இருக்க யாரும் வராதது, கைக்கெட்டாத தூரத்தில் வைத்த உணவுத் தட்டு தொடப்படாமலே திரும்பிப் போவது, மறதி நோயாளிகள் இரவில் வார்டில் அலைவது. நோயாளிகள் தாகம் பொறுக்காமல் பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததாகவும் உறவினர்கள் சாட்சி சொன்னார்கள். நவம்பரில் தாய் இறந்தார்.

பெய்லி உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘எங்களுக்கும் இப்படித்தான்’ என்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவருடைய கடையிலேயே கூடினார்கள். ‘கியூர் தி என்.எச்.எஸ்.’ என்ற குழு அப்படித்தான் உருவானது. அந்தக் குழுவில் மருத்துவ வல்லுநரோ வழக்கறிஞரோ தலைமை தாங்கவில்லை. தாயையோ, கணவரையோ, மனைவியையோ இழந்தவர்கள் சேர்ந்து சுவரில் படங்களை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இவர்களில் பலர் ஏற்கெனவே மருத்துவமனைக்குப் புகார் எழுதியவர்கள். அந்தக் கடிதங்கள் என்ன ஆயின என்பதைப் பின்னாளில் நடந்த பொது விசாரணை விரிவாகத் தேடியது. புகார் எந்தப் பிரிவின் மீதோ, அந்தப் பிரிவின் ஊழியர்களே விசாரித்தார்கள். வருத்தம் தெரிவிக்கும் பதில் போகும். நடவடிக்கைத் திட்டம் ஒன்றும் தயாராகும். அதே வார்டிலிருந்து அதே புகார் மறுபடி வரும். இயக்குநர் குழுவுக்குக் கடிதங்கள் போகவில்லை. எத்தனை வந்தன, எத்தனைக்கு உரிய நாளில் பதில் போனது என்ற கணக்கு போனது. நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த அட்டவணையாக இருக்கும். பதில் போட்ட வேகத்தை அது காட்டும். எழுதியவர் என்ன சொன்னார் என்பது அதில் எங்குமே இருக்காது. தன்னாட்சித் தகுதி கிடைத்த பிறகு குழு தன் கூட்டங்களைப் பொதுமக்கள் வராதபடி நடத்தவும் தொடங்கியது.

ஒரு புகாரைவிட மோசமான சம்பவமும் பதிவாகியிருக்கிறது. ஓர் இளைஞரின் இறப்பு பற்றி மருத்துவமனையின் மூத்த மருத்துவர் ஒருவரே உள் அறிக்கை எழுதினார். சிகிச்சையில் தவறு நேர்ந்ததையும் இறப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதையும் அதில் சொன்னார். மரண விசாரணை அதிகாரியிடம் அந்த அறிக்கை போகவில்லை. சட்டப் பிரிவு அதை நிறுத்திவைத்தது. குடும்பத்துக்கு உண்மை தெரிய ஆண்டுகள் ஆயின. மருத்துவத் தவறுக்கு மன்னிப்புக் கிடைக்கலாம். இதற்கு அந்தக் குடும்பத்திடம் எந்த நிர்வாகி போய் நிற்க முடியும்?

யார் யாரை நம்பினார்கள்

ஹெல்த்கேர் கமிஷன் தன் அறிக்கையை 2009 மார்ச்சில் வெளியிட்டது. சில நாள்களுக்கு முன்பே மருத்துவமனை நிர்வாகத்தின் தலைவர் பதவி விலகியிருந்தார், தலைமை நிர்வாகியும் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். அதே மாதக் கடைசியில் கமிஷனும் கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் கேர் குவாலிட்டி கமிஷன் வந்தது. கலைந்த கமிஷனின் தலைவர் சர் இயன் கென்னடி. பிரிஸ்டல் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சையின்போது இறந்த குழந்தைகள் பற்றி விசாரித்து, 2001இல் 198 பரிந்துரைகள் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பரிந்துரைகளின் சாரம்: வெளிப்படையாக இருங்கள், நோயாளிகள் சொல்வதைக் கேளுங்கள்.

பிறகு ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற மூத்த வழக்கறிஞரின் தலைமையில் இரண்டு விசாரணைகள் நடந்தன. முதலாவது 2010 பிப்ரவரியில் முடிந்தது. 900க்கும் மேற்பட்ட நோயாளிகளும் உறவினர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். மருத்துவமனைக்குள் நடந்தது அதில் தெரிந்தது. வெளியில் இருந்தவர்கள் ஏன் பார்க்கவில்லை என்பதற்குப் பதில் இல்லை. பெய்லியின் குழு விடாப்பிடியாகப் போராடி, புதிய கூட்டணி அரசிடமிருந்து முழுப் பொது விசாரணையை வாங்கியது. 139 நாள்கள் விசாரணை, 164 வாய்மொழிச் சாட்சிகள், பத்து லட்சம் பக்கத்துக்கும் மேலான ஆவணங்கள். 2013 பிப்ரவரி 6 அன்று அறிக்கை வந்தது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த அறிக்கையைப் படிக்கும்போது எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒவ்வோர் அமைப்பும் இன்னோர் அமைப்பின் தாளை நம்பியது. மானிட்டர் நிதியைத் துருவிப் பார்த்தது. சிகிச்சைத் தரத்தைக் கமிஷன் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியது. கமிஷனின் ஆண்டு மதிப்பீடோ பெரும்பகுதி மருத்துவமனையே தன்னைப் பற்றி நிரப்பிக் கொடுக்கும் படிவத்தைச் சார்ந்திருந்தது. மண்டல நிர்வாகம், கமிஷன் மதிப்பீடு சரியாக இருக்கிறதே என்று அமைதியடைந்தது. மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் மாவட்ட அமைப்பு இலக்கு எட்டப்பட்டதா என்று பார்த்தது. மருத்துவமனையின் இயக்குநர் குழு இவர்கள் எல்லாருடைய தாள்களையும் காட்டி, வெளியார் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றது. தாள் ஒரு முழுவட்டம் சுற்றிவந்தது. அதில் எங்கேயும் வார்டுக்குள் போன ஒருவரின் கையெழுத்து இல்லை.

இதோடு 2006இல் என்.எச்.எஸ். மறுசீரமைப்பு வேறு. 28 மண்டல நிர்வாகங்கள் பத்தாகச் சுருங்கின. மாவட்ட அமைப்புகளும் இணைக்கப்பட்டன. பழைய அமைப்பில் ‘அந்த மருத்துவமனை மேல் ஒரு கண் இருக்கட்டும்’ என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் வேறு நாற்காலிகளுக்குப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்தது கோப்பில் ஏறவில்லை. அந்தப் பகுதியின் மண்டலப் பொறுப்பில் சில மாதங்கள் இருந்த சர் டேவிட் நிக்கல்சன் பிறகு என்.எச்.எஸ். முழுமைக்கும் தலைமை நிர்வாகியானார். அறிக்கை வந்தபோதும் அந்தப் பதவியில் இருந்தார். விலகவேண்டும் என்று பெய்லியின் குழு கேட்டது, 2014இல் ஓய்வுபெற்றார். தனி ஒருவரைப் பலிகடா ஆக்குவதில் பயனில்லை என்று ஃபிரான்சிஸ் கருதினார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அமைப்பின் குற்றம் என்று சொல்லும்போது அமைப்பை நடத்தியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். தாயை இழந்தவருக்குக் கிடைப்பது 1,700 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு புத்தகம்.

ஊர்க் குடும்ப மருத்துவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் நோயாளிகள் என்ன நிலையில் திரும்பி வருகிறார்கள் என்று தினமும் பார்த்தவர்கள் இவர்கள். கமிஷன் விசாரணை அறிவித்த பிறகே இவர்களில் பெரும்பாலோர் பேசினார்கள். மருத்துவமனையின் மூத்த மருத்துவர்களில் பலரும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். செவிலியர் சங்கமும் விசாரணையில் குறைகூறப்பட்டது.

ஊர் இரண்டுபட்டது

பொதுமக்கள் நம்பிக்கை உடைந்தால் மக்கள் மருத்துவமனையை விட்டு விலகுவார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஸ்டாஃபோர்டில் நடந்தது அதுவன்று. 2013 ஏப்ரலில் மானிட்டர் இந்த நிர்வாகத்தைச் சிறப்பு நிர்வாகிகளின் கையில் ஒப்படைத்தது. ஃபவுண்டேஷன் டிரஸ்ட் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. பிரிவுகள் மூடப்படும் என்ற செய்தி பரவியதும் பல்லாயிரக்கணக்கானோர் மருத்துவமனையைக் காப்பாற்றக் கோரி ஊர்வலம் போனார்கள். மருத்துவமனை அங்கே நல்ல பல பிரசவங்களும் குணமடைதல்களும் நடந்த இடம். பலருக்கு வேலை கொடுத்த இடம். அடுத்த மருத்துவமனை ஸ்டோக்கில். அந்தக் கூட்டத்தின் கோபம் லண்டன் மேல் இருந்தது. ஒரு பகுதி பெய்லியின் மேலும் திரும்பியது. வசைக் கடிதங்கள் வந்தன, தாயின் கல்லறை சேதப்படுத்தப்பட்டது. அவர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போனார். 2014 புத்தாண்டில் அவருக்கும் டொனலிக்கும் அரச விருதுகள் அறிவிக்கப்பட்டன.

இந்த இடத்தில் எளிய வில்லன்–நாயகன் கதை குலைகிறது. ஊர்வலம் போனவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிக்கை வந்த நேரத்தில் மருத்துவமனை ஓரளவு சீரடைந்திருந்தது. ஆனால் கெட்ட பெயர் காரணமாக மருத்துவர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். ஆள் கிடைக்காததால் அவசர சிகிச்சைப் பிரிவு 2011 டிசம்பர் முதல் இரவில் மூடப்பட்டது. சிக்கனத்துக்காக ஆளைக் குறைத்த மருத்துவமனை, இப்போது பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காத இடமாயிற்று. 2014 ஏப்ரலில், இன்சுலின் கொடுக்கத் தவறியதால் 2007இல் இறந்த ஒரு நீரிழிவு நோயாளியின் வழக்கில் இந்த நிர்வாகத்துக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அபராதமும் வரிப்பணம்தான். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மருத்துவமனை இந்த நிர்வாகத்தின் கையை விட்டுப் போனது. அது ஸ்டோக்கின் பெரிய மருத்துவமனை நிர்வாகத்தோடு சேர்க்கப்பட்டு, கவுண்டி ஹாஸ்பிடல் என்று பெயர் மாறியது.

290 பரிந்துரைகளுக்குப் பிறகு

ஃபிரான்சிஸ் 290 பரிந்துரைகள் கொடுத்தார். எண்ணிக்கையே ஒரு சிக்கல். இருநூற்றுத் தொண்ணூறையும் ஒரே அக்கறையோடு நிறைவேற்றும் நிர்வாகம் உலகில் இல்லை. எளியவற்றை நிறைவேற்றிவிட்டு ‘பெரும்பாலானவை முடிந்தன’ என்று அறிக்கை தர அது வழிவிடுகிறது. இருந்தாலும் சில மாற்றங்கள் உண்மையானவை. சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளிக்குத் தீங்கு வந்தால் அதை மருத்துவமனையே அவரிடம் சொல்லியாகவேண்டும் என்பது 2014 நவம்பரில் சட்டக் கடமையானது. வேண்டுமென்றே நோயாளியைப் புறக்கணிப்பது 2015இல் தனிக் குற்றமானது. ஊழியர்கள் அச்சமின்றிப் புகார் சொல்ல ஒவ்வொரு நிர்வாகத்திலும் ஒருவர் நியமிக்கப்பட்டார். இறப்புக் குறியீடு தொடர்ந்து உயர்ந்திருந்த 14 நிர்வாகங்களை, என்.எச்.எஸ்.ஸின் அன்றைய மருத்துவ இயக்குநர் சர் புரூஸ் கியோவின் குழுவினர் நேரில் போய்ப் பார்த்தார்கள். 11 நிர்வாகங்கள் சிறப்புக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. அந்தக் குழுக்கள் வார்டுக்குள் போயின, நோயாளிகளோடும் இளநிலை மருத்துவர்களோடும் பேசின.

செவிலியர் எண்ணிக்கையின் கதை வேறு மாதிரி முடிந்தது. ஃபிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு மருத்துவமனைகள் அச்சத்தில் வேகமாக ஆள் எடுத்தன. பயிற்சி பெற்ற செவிலியர் அவ்வளவு பேர் நாட்டில் இல்லை. ஏஜென்சி மூலம் அதிகக் கூலிக்கு எடுத்தார்கள். ஒரு செவிலியர் எட்டு நோயாளிக்கு மேல் பார்க்க நேர்ந்தால் அதை அபாய அறிகுறியாகக் கொள்ளவேண்டும் என்று, சிகிச்சைமுறைகளுக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014 ஜூலையில் வழிகாட்டியது. மற்ற பிரிவுகளுக்கும் அதே மாதிரி வழிகாட்டும் பணியை 2015 ஜூனில் நிறுத்தச் சொன்னார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஏஜென்சிக் கூலிக்கு உச்சவரம்பு வந்தது. 2015–16 இறுதியில் என்.எச்.எஸ். நிர்வாகங்களின் மொத்தப் பற்றாக்குறை 2.45 பில்லியன் பவுண்டு. எல்லா இயக்குநர் குழுக்களும் மறுபடி 2006இன் மேசைக்குத் திரும்பின: நிதியா, ஆளா?

ஸ்டாஃபோர்ட்ஷயரை ஒட்டிய மாவட்டம் ஷ்ராப்ஷயர். அங்கே ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவினர் பொறுப்பில் இருந்து, பிறந்த சிறிது நேரத்தில் குழந்தையை இழந்த இரு குடும்பங்கள் தங்களைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்து, 23 சம்பவங்களைத் தொகுத்துச் சுகாதார அமைச்சருக்கு எழுதின. அமைச்சர் ஜெரமி ஹண்ட் 2017இல் விசாரணைக்கு உத்தரவிட்டார். மூத்த பேறுகாலச் செவிலியர் டொனா ஆக்கண்டன் தலைமையிலான குழு ஐந்து ஆண்டுகள் விசாரித்து 2022 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தபோது 1,486 குடும்பங்களின் சம்பவங்கள் அதில் இருந்தன. நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. விசாரிக்கப்பட்ட காலம் ஃபிரான்சிஸ் அறிக்கைக்கு முன்னும் பின்னுமாக நீண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் அந்த மருத்துவமனைகளுக்கும் ஆய்வாளர்கள் வந்துபோனார்கள், மதிப்பீடுகள் கொடுத்தார்கள். 23 சம்பவங்களைச் சேர்த்து எண்ணியவர்கள் பெற்றோர்கள்.